ஓர் ஆனை, ஒரு யானை: ஆங்கில 'ஆன்' எங்கே வரும்?

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளுக்கு அவ்வப்போது அதைத் திருத்திக் கொடுப்பது உண்டு. பாளையங்கோட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டி பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கிறவர்கள். பலர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரி. நான் பார்த்தவரை அந்த விண்ணப்பங்களில் சிவப்பு மை விழுவது முதல் வரியிலேயேதான். 'ஐ ஆம் எ எம்.எஸ்சி. கிராஜுவேட்' என்று எழுதியிருப்பார்கள். எம்.ஏ., எம்.காம்., எம்.பி.ஏ. எதுவானாலும் இதே கதை. அங்கே 'எ' வராது, 'ஆன்' வர வேண்டும்.

சின்னப் பிழைதான். பொருள் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் எதிரே உட்கார்ந்து படிக்கிறவர் அந்த ஓர் எழுத்தை வைத்தே 'இந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது' என்று முடிவு கட்டிவிடுவார். இரண்டு வருஷம் வேதியியல் படித்த உழைப்பு அடுத்த வரியில் இருக்கும். அதற்குள் முகம் சுளித்திருப்பார். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது.

பிழைக்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. பள்ளியில் சொல்லிக் கொடுத்த விதியை அவர்கள் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்கள். 'ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துக்கு முன்னால் ஆன், மற்ற எல்லாவற்றுக்கும் எ' என்பது அந்த விதி. எம் அந்த ஐந்தில் இல்லை. ஆகவே 'எ'. கணக்கு சரி, விடை தப்பு.

உண்மையான விதி எழுத்தைப் பார்ப்பதில்லை, ஒலியைப் பார்க்கிறது. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் 'ஆன்', மெய்யொலியில் தொடங்கினால் 'எ'. பல ஆசிரியர்கள் இதையும் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். 'காதால் கேட்டுப் பார்' என்று சொல்லும்போது, கேட்கிற காது தமிழ்க் காது என்பதை மறந்துவிடுகிறோம். அந்தக் காதுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. அவை எவை என்பது தமிழ் இலக்கணத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

நம் வீட்டு விதி

'எ', 'ஆன்' வேறுபாடு நமக்கு அந்நியமானது இல்லை. ஒரு, ஓர் என்று அப்படியே தமிழில் இருக்கிறது. ஒரு மரம், ஓர் இலை. ஒரு கடை, ஓர் ஊர். 'ஓரெழுத்து ஒருமொழி' என்ற இலக்கணப் பெயரிலேயே இரண்டும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன: எழுத்துக்கு முன்னால் ஓர், மொழிக்கு முன்னால் ஒரு.

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், குற்றியலுகரப் புணரியலில், இதற்கு விதி இருக்கிறது. முதல் இரண்டு எண்களுக்குப் பின்னால் உயிர் வந்தால், கடைசி உகரம் கெடும், முதல் எழுத்து நீளும். ஒரு என்பது ஓர் ஆகும். இரு என்பது ஈர் ஆகும். ஓராயிரம், ஈராயிரம். ஓருயிர், ஈருடல். பேச்சில் நாம் யாரும் இப்படிப் பார்த்துப் பேசுவதில்லை. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்றுதான் கதை ஆரம்பிக்கும். செய்யுளிலும் புலவர்கள் இடம் பார்த்து விலகுவார்கள். ஆனாலும் ஓரளவு, ஓரிடம், ஓராண்டு போன்ற சொற்களில் பழைய விதி இன்றும் உறைந்து கிடக்கிறது.

கவனியுங்கள், இதுவும் ஒலி விதிதான். யானை என்று சொன்னால் ஒரு யானை. எங்கள் பக்கத்துப் பேச்சில் ஆனை என்போம்; அப்போது ஓர் ஆனை. விலங்கு ஒன்றே. வாயில் முதலில் வரும் ஒலி மாறியதும் முன்னால் நிற்கும் சொல்லும் மாறுகிறது. தாமிரபரணி ஓர் ஆறு. ஆறு என்பதன் பழைய வடிவம் யாறு. அப்படி வைத்தால் ஒரு யாறு. யாண்டு என்பது ஆண்டு ஆனதும், யாடு என்பது ஆடு ஆனதும் இப்படித்தான். இது விளங்கினால் ஆங்கில விதி முழுவதும் விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த விதிகளுக்கு நெல்லைச் சீமையோடு நெருங்கிய உறவும் உண்டு. நன்னூலுக்கு விருத்தியுரை எழுதிய சங்கரநமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர். அந்த உரையைத் திருத்திச் செம்மை செய்த சிவஞான முனிவர், பாபநாசத்துக்குப் பக்கத்தில் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். பின்னால் 1841-ல் இடையன்குடிக்கு வந்து தங்கிய கால்டுவெல், 1856-ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் எண்ணுப்பெயர்களுக்கென்றே தனியாக ஒரு பகுதி வைத்தார். 'ஒன்று' என்ற சொல்லை இந்த ஆற்றுச் சீமையில் பலர் பலவிதமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எது மூத்தது?

'எ' என்பதுதான் அடிப்படை, உயிரொலி வந்தால் அதோடு ஒரு 'ன்' சேர்கிறது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். வரலாறு நேர்மாறானது. பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற எண்ணைக் குறித்த சொல் 'ஆன்'. 'ஒன்' என்று இன்று நாம் எண்ணுவதும் 'ஆன்' என்று பெயருக்கு முன்னால் வைப்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அழுத்தமில்லாமல் பேசிப் பேசி, மெய்யொலிக்கு முன்னால் அந்த 'ன்' தேய்ந்துபோனது. உயிரொலிக்கு முன்னால் மட்டும் தங்கிவிட்டது. ஆக அங்கேயும் எண்தான், இங்கேயும் எண்தான்.

ஏன் உயிருக்கு முன்னால் மட்டும் தங்கியது? இரண்டு உயிரொலிகள் அடுத்தடுத்து வந்தால் வாய்க்கு ஒரு தடங்கல். நடுவில் ஒரு மெய் இருந்தால் ஓட்டம் சீராகும். தமிழில் இந்த வேலையைச் செய்வது உடம்படுமெய். மணி, அடித்தது சேர்ந்தால் மணியடித்தது. திரு, அருள் சேர்ந்தால் திருவருள். நாம் ய் அல்லது வ் போடுகிற இடத்தில் ஆங்கிலேயன் 'ன்' வைத்துக்கொள்கிறான்.

இங்கேதான் நமக்கு முதல் சிக்கல். 'எ ஆப்பிள்' என்று தப்பாகச் சொன்னாலும் தமிழ் வாய்க்கு உறுத்தாது. தானாகவே நடுவில் ஒரு ய் நுழைந்து 'எயாப்பிள்' என்று வழுக்கிக்கொண்டு போய்விடும். தடங்கலே இல்லாததால் காது எச்சரிக்காது.

அந்த 'ன்' முன்னால் உள்ள சொல்லுக்குச் சொந்தமா, பின்னால் உள்ளதற்குச் சொந்தமா என்பதில் ஆங்கிலேயர்களே குழம்பியிருக்கிறார்கள். சமையலில் இடுப்பில் கட்டும் ஏப்ரன் முன்பு 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்பதை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டுக் கேட்டு, சொல்லே ஒரு மெய்யை இழந்தது. பட்டப்பெயரைக் குறிக்கும் நிக்நேம் எதிர்த்திசையில் போனது: 'ஆன் எக்நேம்' என்பது 'எ நெக்நேம்' ஆகி அப்படியே நிலைத்தது. கிரிக்கெட் அம்பயரும் முதலில் 'நம்பயர்' போல ஒலித்த சொல்தான். காதில் விழுந்ததை வைத்தே பிரித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எழுத்து ஏமாற்றும் இடங்கள்

இனி பிழைகளுக்கு வருவோம். இவை இரண்டு வகை. ஒரு வகையில் எழுத்து ஏமாற்றும், இன்னொரு வகையில் காது ஏமாற்றும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடுவதில்லை.

முதல் வகை எளிது. யுனிவர்சிட்டி, யூனியன், யூனிஃபார்ம், யூஸ்ஃபுல் எல்லாம் ஆங்கிலத்தில் யூ எழுத்தில் தொடங்குகின்றன. ஐந்து எழுத்து விதிப்படி 'ஆன்' போடச் சொல்லும். ஆனால் ஒலி 'யூ', அதாவது ய் என்ற மெய். ஆகவே 'எ யுனிவர்சிட்டி'. அதே எழுத்தில் தொடங்கும் அம்ப்ரெல்லா, அங்கிள் இரண்டும் அகரத்தில் ஒலிப்பதால் 'ஆன் அம்ப்ரெல்லா', 'ஆன் அங்கிள்'. இந்த வகையில் நம் காதை நம்பலாம். யூ என்ற ஒலி சொல்லின் முதலில் வருவதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது; அதனால் அது நம் காதுக்குத் தெளிவாகவே கேட்கும்.

யூரோப்பியன் என்ற சொல்லில் இன்னொரு பொறி. ஆங்கில எழுத்து இ. தமிழில் நாம் எழுதுவதோ ஐரோப்பா. எழுத்தும் தமிழ்ப் பெயரும் சேர்ந்து 'ஆன்' பக்கம் இழுக்கும். ஆங்கில உச்சரிப்பை மட்டும் கேளுங்கள்: யூ. 'எ யூரோப்பியன்'.

ஹவர் என்று எழுத்துக்கூட்டி வாசிக்கத் தோன்றும் சொல்லில் ஹ ஒலி கிடையாது; 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே 'ஆன் அவர்'. ஆனஸ்ட், ஆனர் ஆகியவையும், வாரிசைக் குறிக்கும் 'ஏர்' என்ற சொல்லும் இதே கூட்டம். அன்றாடப் பேச்சில் ஹ ஊமையாகிப்போன முக்கியமான சொற்கள் இந்த நான்கும் இவற்றின் குடும்பமும்தான். மனப்பாடம் செய்துவிடலாம்.

காது ஏமாற்றும் இடங்கள்

இரண்டாவது வகைதான் நம்முடைய தனிச்சொத்து. சொல்லுக்கு முதலில் எந்த எழுத்து வரலாம், எது வரக்கூடாது என்று தமிழ் இலக்கணம் கறாராகச் சொல்கிறது. யகரம் ஆகாரத்தோடு மட்டுமே முதலில் வரும் என்பது தொல்காப்பியம். நன்னூல் கொஞ்சம் தளர்த்தி ய, யா, யு, யூ, யோ, யௌ ஆறையும் ஏற்கிறது. அங்கேயும் யி, யீ, யெ, யே கிடையாது. வகர வரிசையில் வு, வூ, வொ, வோ நான்கும் சொல்லுக்கு முதலில் வராது என்பதில் இரண்டு நூல்களும் ஒன்றுபடுகின்றன.

ஏன் இந்தக் கட்டங்கள் மட்டும் காலி? ய் சொல்லும்போது நாக்கு நிற்கும் இடமும் இ சொல்லும்போது நிற்கும் இடமும் கிட்டத்தட்ட ஒன்று. எ அதற்குப் பக்கத்து வீடு. உதட்டைக் குவித்துச் சொல்லும் வ் ஒலிக்கும் உ, ஒ ஒலிகளுக்கும் அதே உறவு. அதனால் யெ என்பதற்கும் எ என்பதற்கும், வொ என்பதற்கும் ஒ என்பதற்கும் இடையிலான வேறுபாட்டைத் தமிழ் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. இந்த வேறுபாட்டை மட்டும் வைத்துப் பொருள் மாறும் சொற்கள் நம்மிடம் இல்லை.

எங்கள் ஊர்க் கூப்பிடு சொல்லையே எடுத்துக்கிடுங்க. 'ஏலே' என்று எழுதுகிறோம். வாயில் வருவது பாதி நேரம் 'யேலே'. எங்கே என்பது யெங்கே, ஏன் என்பது யேன், ஒண்ணு என்பது வொண்ணு. இரண்டில் எதைச் சொன்னாலும் ஒரே சொல் என்பதால் யாரும் கவனிப்பதே இல்லை. எதிர்ப்பக்கத்திலும் பாருங்கள்: யே முதலில் வரக்கூடாது என்பதால் இயேசு என்று ஓர் இகரத்தை முன்னால் வைத்து எழுதுகிறோம்.

இந்தக் காதோடு ஆங்கிலத்துக்குப் போனால் என்ன ஆகும்?

வருஷத்தைக் குறிக்கும் சொல்லும் காதைக் குறிக்கும் சொல்லும் நமக்கு இரண்டுமே 'இயர்'. ஆங்கிலத்தில் வருஷத்துக்கு முன்னால் ஒரு ய் உண்டு, காதுக்கு இல்லை. ஆகவே வருஷத்துக்கு 'எ', காதுக்கு 'ஆன்'. மஞ்சள் நிறத்தை நாம் 'எல்லோ' என்று எழுதியும் சொல்லியும் பழகிவிட்டோம். அதனால் மஞ்சள் சேலையை எழுதும்போது 'ஆன்' போடத் தோன்றுகிறது. அங்கே ய் இருக்கிறது, 'எ'தான் சரி. மரத்தைக் குறிக்கும் 'உட்', பெண்ணைக் குறிக்கும் 'உமன்', கம்பளியைக் குறிக்கும் 'உல்லன்' எல்லாமே ஆங்கிலத்தில் உதடு குவித்த வ் ஒலியில் தொடங்குபவை. உட்லண்ட்ஸ் என்று தமிழில் பெயர்ப்பலகை வைத்தாலும் ஆங்கிலத்தில் முதல் ஒலி மெய்தான். 'எ உமன்', 'எ உல்லன் ஷால்'.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொற்களில் பழைய ஐந்து எழுத்து விதியே சரியான விடை தரும். 'ஒலியைக் கேள்' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், ஏற்கெனவே சரியாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையும் தப்பு செய்ய ஆரம்பிக்கும்.

'ஒன்' என்ற எண்ணுப்பெயரில் நிலைமை தலைகீழ். ஆங்கில எழுத்தும் ஓ, தமிழில் எழுதினாலும் ஒ. ஆனால் ஆங்கில ஒலி வ் என்றுதான் தொடங்குகிறது. நம்ம ஊர் 'வொண்ணு' வாய்தான் இங்கே சரியாகச் சொல்கிறது. 'எ ஒன்வே டிக்கெட்' என்பதில் 'எ' வருவது இதனால்தான்.

மூன்றாவது காலிக் கட்டம் ஹகரம். தமிழுக்கு அது வடமொழி வழி வந்த விருந்தாளி. ஹல்வா நமக்கு அல்வா, ஹோட்டல் ஓட்டல், ஹாஸ்பிடல் ஆஸ்பத்திரி. அதனால் திருநெல்வேலியைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி எழுதச் சொன்னால் 'ஆன் ஹல்வா ஷாப்' எட்டிப் பார்க்கும். ஹ ஒலிக்கிறது, ஆகவே 'எ ஹல்வா ஷாப்', 'எ ஹோட்டல்'. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 'ஆன் ஹோட்டல்' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபிரெஞ்சு வழியில் ஹ இல்லாமல் உச்சரித்த காலத்து எழுத்து அது.

யெம்மெல்லே

இப்போது முதல் வரிக்குத் திரும்பலாம். எம்.எஸ்சி. என்ற சுருக்கத்தில் எம் என்ற எழுத்தின் பெயர் எகரத்தில் தொடங்குகிறது. ஆகவே 'ஆன்'. ஆனால் நம் வாயில் எம்.எல்.ஏ. என்பது 'யெம்மெல்லே'. முன்னால் ஒரு ய் ஒட்டிக்கொள்வதால் 'எ யெம்மெல்லே' இயல்பாகக் கேட்கிறது. எழுத்தும் 'எ' என்கிறது, காதும் 'எ' என்கிறது. இரண்டு சாட்சியும் ஒன்றாகப் பொய் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? இந்தப் பிழை இவ்வளவு பரவலாக இருப்பதற்கும் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கும் காரணம் இதுதான். மஞ்சளில் இல்லாமல் போன ய் இங்கே தேவையில்லாமல் வந்து உட்கார்கிறது. இரண்டும் ஒரே காலிக் கட்டத்தின் விளைவு.

இதற்கு மருந்து எளிது. ஆங்கிலத்தின் 26 எழுத்துப் பெயர்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ஏ, இ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ். இந்த 12-ம் தமிழ் உயிரெழுத்தில் தொடங்கும், இவற்றுக்கு 'ஆன்'. மற்ற 14-க்கும் 'எ'. யூ இந்த 14-ல் சேரும். எச் என்பதை ஹெச் என்று உச்சரிக்கிறவர் அதற்கு மட்டும் 'எ' போட்டுக்கொள்ளலாம்.

அன்றாடம் தேவைப்படுகிறவற்றில் ஓட்டிப் பாருங்கள். ஆன் எம்.ஏ., எ பி.ஏ., எ பிஎச்.டி. ஆன் எஸ்.ஐ., எ டி.எஸ்.பி. ஆன் ஆர்.டி.ஓ., எ வி.ஏ.ஓ. ஆன் எஃப்.ஐ.ஆர்., ஆன் எக்ஸ்ரே, ஆன் எல்.ஐ.சி. பாலிசி, எ யு.ஜி. டிகிரி. கையெழுத்துப் போடுகிற கலெக்டர் ஐ.ஏ.எஸ். அதிகாரி என்றால் 'ஆன் ஐ.ஏ.எஸ். ஆபீசர்'.

கையில் வைத்துக்கொள்ள

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நான் நான்கு படிகளாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஒட்டி நிற்கும் அடுத்த சொல்லை மட்டும் பார்க்க வேண்டும். பெயர்ச்சொல் எங்கே என்று தேடிப் போக வேண்டாம். ஆன் அம்ப்ரெல்லா, எ பிளாக் அம்ப்ரெல்லா, ஆன் ஓல்டு பிளாக் அம்ப்ரெல்லா. தமிழிலும் அப்படியே: ஓர் ஊர், ஒரு சிற்றூர், ஓர் அழகிய சிற்றூர்.

இரண்டாவது, அந்தச் சொல்லின் ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும். முதலில் உயிரெழுத்து வந்தால் 'ஆன்', உயிர்மெய் வந்தால் 'எ'. நம் எழுத்து முறையில் உயிருக்கும் உயிர்மெய்க்கும் வடிவமே வேறு. இது ஆங்கிலத்தில் இல்லாத வசதி. பெரும்பாலான சொற்கள் இந்தப் படியிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, தமிழில் எழுதியது இ, எ, உ, ஒ ஆகியவற்றிலோ அவற்றின் நெடிலிலோ தொடங்கினால் ஒரு நொடி நிற்க வேண்டும். ஆங்கில எழுத்தையும் பார்க்க வேண்டும். முதல் எழுத்து ஒய் அல்லது டபிள்யூ என்றால் அங்கே நாம் கேட்காமல் விட்ட ஒரு மெய் இருக்கிறது. 'எ' போட வேண்டும். எச் என்றால் மேலே சொன்ன நான்கு ஊமைச் சொற்கள் தவிர மற்றதற்கெல்லாம் 'எ'. எச் எழுத்துக்கு இந்தச் சோதனை அகரத்துக்கும் ஆகாரத்துக்கும்கூடப் பொருந்தும். ஒன் என்ற சொல்லும் அதில் தொடங்குகிறவையும் தனி விலக்கு.

நான்காவது, புள்ளி வைத்த சுருக்கம் என்றால் அந்த 12 எழுத்துகளின் பட்டியல்.

இதில் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் உயிர், மெய், மொழிமுதல் எழுத்துகள், புணர்ச்சி என்று தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்தது. ஆங்கில வகுப்புக்குப் போகும்போது அந்தப் பாடத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்வதுதான் நம் பள்ளிகளில் நடக்கிறது. 'ஆன் எல்லோ சாரி' என்று எழுதுகிற பிள்ளைக்குக் காதில் கோளாறு ஒன்றுமில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் சொன்ன தமிழை அந்தக் காது சரியாகப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். எந்த இடத்தில் ஆங்கிலம் வேறு கணக்குப் போடுகிறது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். அடுத்த விண்ணப்பத்தின் முதல் வரி சரியாக வந்துவிடும்.